கேஸ் ஷீட்டில் எல்லாருக்கும் மூச்சு 20தானா?

வார்டு அக்கா (ஸ்டாஃப் நர்ஸ்)

பல்ஸ், பிபி, சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) எல்லாத்துக்கும் மெஷின் வந்தாச்சு. மூச்சை மட்டும் இன்னமும் பக்கத்துல நின்னு எண்ணணும். அதனாலயோ என்னவோ, கேஸ் ஷீட்டைப் புரட்டினா ஆர்.ஆர். (நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு) கட்டத்துல வரிசையா 20, 20, 20. நிமோனியாக்காரருக்கும் 20, கால் முறிஞ்சவருக்கும் 20.

ஒரு நைட் டியூட்டி. காலேஜ் படிக்கிற பொண்ணு, வயித்து வலி, வாந்தின்னு வந்து சேர்ந்திருந்தா. அல்சரா இருக்கும்னு ஊசி போட்டு டிரிப்ஸ் ஓடிட்டிருந்தது. சாச்சுரேஷன் 99. ஷீட்டுல வழக்கம்போல 20. ஆனா அவ மூச்சு விட்ட விதம் எனக்குச் சரியாப் படல. படியேறி ஓடி வந்தவ மாதிரி நெஞ்சு நிறைய இழுத்து இழுத்து விடுறா, படுத்த படுக்கையில. மணிக்கட்டுல விரலை வெச்சுப் பல்ஸ் பார்க்கிற பாவனையில நெஞ்சைப் பார்த்து எண்ணினேன். மூச்சை எண்ணப் போறேன்னு சொல்லிட்டா யாருக்கும் மூச்சு இயல்பா வராது, அதான் இந்தத் தந்திரம். முழு ஒரு நிமிஷத்துக்கு 34. நெஞ்சுல வீசிங் சத்தம் எதுவுமில்ல. உதடு காய்ஞ்சு வெடிச்சிருந்தது.

டியூட்டி டாக்டருக்குச் சொல்லிட்டு விரல்ல குத்திப் பார்த்தா, குளுக்கோமீட்டர்ல எண்ணே வரல, 'ஹை'ன்னு வந்தது. யூரின்ல கீட்டோன், அதாவது இன்சுலின் இல்லாம உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேர்ற அமிலம். அவளுக்குச் சுகர் இருக்கிறது அன்னிக்குத்தான் வீட்டுக்கே தெரியும். ரத்தத்துல அமிலம் ஏறும்போது உடம்பு கார்பன்-டை-ஆக்சைடை வெளியே தள்ளி அதைச் சமாளிக்கப் பார்க்கும். அந்த ஆழமான மூச்சு அதுக்குத்தான். ஆக்சிஜன் குறையவே இல்லாதப்போ ஆக்சிமீட்டர் எதைக் காட்டும்?

நோயாளி மோசமாகுறதை முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பிரிட்டன்ல 2012ல கொண்டுவந்த 'நியூஸ்' ஸ்கோர்ல (மார்க் ஏற ஏற ஆபத்து) மூச்சு 25ஐத் தொட்டாலே அந்த ஒண்ணுக்கு மட்டும் 3 மார்க். ஒரு அளவுக்குக் கிடைக்கிற உச்ச மார்க்கே அதுதான். நம்ம ஷீட்டுல அந்தக் கட்டத்தை நிரப்புறதே பெரிய விஷயம்!

பீடிக்காரர் மகன்

நான் ஆஸ்பத்திரிக்காரன் இல்ல, அட்டெண்டரா இருந்து பார்த்தது. அப்பா நாப்பது வருஷம் பீடி. சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கிப்போற நாள்பட்ட நுரையீரல் நோய். அட்மிட் பண்ணினப்போ டாக்டர் சாச்சுரேஷன் 88லேருந்து 92க்குள்ள இருந்தாப் போதும்னு சொல்லி, மூக்குக் குழாயில ஆக்சிஜன் நிமிஷத்துக்கு ஒரு லிட்டர்தான் வெச்சார். எங்க சித்தப்பாவுக்கு மனசு கேக்கல. "பக்கத்துப் பெட்டுல 98 காட்டுது, அண்ணனுக்கு ஏன் இப்படிக் கஞ்சத்தனம் பண்றாங்க?"ன்னு ராத்திரி ஆக்சிஜன் அளவைக் கூட்டுற ஃப்ளோமீட்டரைத் திருகி ஆறுக்கு ஏத்திட்டார். நம்பர் 98க்கு வந்ததும் அவருக்கு நிம்மதி, போய்ப் படுத்துட்டார்.

விடியக்காலையில எழுப்பினா அப்பா எழுந்திரிக்கல. "ம்ம்"னு மட்டும் வருது. டாக்டர் வந்து உலுக்கி, ரெண்டு கையையும் முன்னாடி நீட்டி மணிக்கட்டை மேல் பக்கமா மடக்கிப் பிடிக்கச் சொன்னார். கை நிக்கல, திரும்பத் திரும்பத் தொய்ஞ்சு தொய்ஞ்சு விழுந்தது. ஃப்ளோமீட்டரைப் பார்த்ததுமே அவருக்குப் புரிஞ்சுபோச்சு. மணிக்கட்டு ரத்தக்குழாயில ரத்தம் எடுத்துப் பார்த்ததுல கார்பன்-டை-ஆக்சைடு தாறுமாறா ஏறியிருந்தது. ஆக்சிஜனைக் குறைச்சு, மூச்சுக்கு உதவுற பைபேப் மெஷினோட மாஸ்க் போட்டு, சாயங்காலம்தான் "டீ கிடைக்குமாடா"ன்னு கேட்டார்.

சித்தப்பாவை நான் குறை சொல்லல. ஆக்சிஜனும் மருந்துதான், அதுக்கும் டோஸ் உண்டுன்னு அவர்கிட்ட யாராவது சொல்லியிருக்கணும். பெட்டுக்கு மேல '88–92'ன்னு ஒரு அட்டை தொங்கவிட்டாலே போதும்.

பிசியோ தம்பி

ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கு நுரையீரல் நல்லா விரியறதுக்கான மூச்சுப் பயிற்சிக்கு மூணு பந்து வெச்ச ஸ்பைரோமீட்டர் கொடுப்போம். பத்துப் பேர்ல பாதிப் பேர் அதை ஊதுவாங்க. பலூன் ஊதிப் பழக்கம்! ஊதினா பந்து அசையாது, "சார், ஓட்ட மெஷினைக் கொடுத்துட்டாங்க"ன்னு புகார் வேற. ஊதக் கூடாதுங்க, இளநீர் ஸ்ட்ராவுல உறிஞ்சுற பக்குவத்துல மெதுவா உள்ளே இழுக்கணும். பந்துகள்ல 600, 900, 1200ன்னு (செகண்டுக்கு இத்தனை மில்லி காத்து) போட்டிருக்கும். வெடுக்குனு இழுத்து மூணையும் முட்டவிடுறதுல பிரயோஜனம் கம்மி. ரெண்டு பந்தை ரெண்டு மூணு செகண்ட் மேலேயே நிறுத்தினா நுரையீரலோட அடிப்பகுதி வரைக்கும் காத்து போய் விரியும். நிமிர்ந்து உட்கார்ந்துதான் செய்யணும். வயித்துத் தையல் வலிக்குதுன்னு இருமலை அடக்காதீங்க, தலையணையை வயித்தோட அணைச்சுப் பிடிச்சுட்டு இருமுங்க.

108 ஆள்

அக்கா சொன்ன 99க்கு என் பங்குக்கு ஒரு 97.

மானாவாரிக் காட்டுப் பக்கத்து வீடு. தரையில பாய் போட்டுப் படுத்திருந்தவருக்கு விடியற்காலம் வயித்து வலி. ராத்திரி ஏதோ பூச்சி கடிச்சாப்ல இருந்துச்சுன்னு சொன்னார், ஆனா வீக்கம் இல்ல, பல் பட்ட தடமும் சரியாத் தெரியல. பல்ஸ், பிபி எல்லாம் சரி. சாச்சுரேஷன் 97. பேசும்போது மட்டும் இமை பாதிக்கு இறங்கி இறங்கி வருது, தூக்கக் கலக்கம்னு அவர் சம்சாரம் சொன்னாங்க. எனக்குக் கட்டுவிரியன் ஞாபகம்தான் வந்தது. "மூச்சை நல்லா இழுத்து, விடாம ஒண்ணு, ரெண்டு எண்ணுங்கண்ணே"ன்னேன். 14 வரைக்கும் போனார். வண்டி மெயின் ரோட்டைத் தொடும்போது மறுபடி எண்ணச் சொன்னா 8. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியல. அப்பவும் ஆக்சிமீட்டர்ல 96! மூச்சுத் தசை சோர்ந்துபோனதை அது கடைசியிலதான் சொல்லும். கையால அமுக்கி மூச்சு கொடுக்கிற அம்பு பேக்கைக் கையிலேயே எடுத்து வெச்சுக்கிட்டேன். ஆஸ்பத்திரி வாசல்ல அது தேவைப்பட்டுது.

விஷமுறிவு மருந்து உடனே போட்டாங்க. ஆனா கட்டுவிரியன் விஷம் நரம்பு நுனியையே சேதப்படுத்தியிருக்கும், அது தேற நாளாகும். அதுவரைக்கும் வென்டிலேட்டர்தான் அவருக்காக மூச்சு விட்டது. பிழைச்சு எழுந்து வந்தார். (அந்த மருந்து தயாரிக்க விஷம் எடுத்துக் கொடுக்கிறதுல மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில இருக்கிற இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு. 1978லேருந்து இருக்கு.)

கிராம செவிலியர்

குழந்தைகளுக்கு 20ங்கிற கணக்கே செல்லாது. ரெண்டு மாசத்துக்குள்ள 60, ஒரு வயசுக்குள்ள 50, அஞ்சு வயசுக்குள்ள 40. நிமிஷத்துக்கு இந்த அளவை எட்டினாலே வேக மூச்சு. அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணாதீங்க. சட்டையைத் தூக்கிப் பாருங்க. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழ்ப்பக்கம் குழி விழுந்தா எண்ணிக்கிட்டு இருக்கவே வேண்டாம், கிளம்புங்க.

சேலத்து மருமகள்

ஒரு சந்தேகம். அத்தைக்கு லேசா சளி. வீட்டு ஆக்சிமீட்டர்ல 91 காட்டுது, நடக்கிறாங்க, சாப்பிடுறாங்க. பயப்படணுமா?

வார்டு அக்கா

கை ஜில்லுன்னு இருக்கா பாருங்கம்மா. தேய்ச்சுச் சூடாக்குங்க. நெயில் பாலிஷ், கறுப்பு மருதாணி இருந்தா வேற விரல். மாட்டிட்டுக் கையை அசைக்காம ஒரு நிமிஷம் விடுங்க. அதுல காட்டுற பல்ஸும் நீங்க மணிக்கட்டுல எண்ணுற பல்ஸும் ஒத்துப்போனாத்தான் அந்த நம்பரை நம்பலாம். அப்பவும் 94க்குக் கீழேயே இருந்தா இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க. அதுக்கு முன்னாடி அத்தைகிட்ட ஏதாவது ஊர்க்கதை பேச்சுக் கொடுத்துட்டே மூச்சை எண்ணுங்க. பாதி வாக்கியத்துல மூச்சு வாங்கினா 108.