19 மில்லிமீட்டர் குழல், 17.5 மில்லிமீட்டர் குண்டு: 50 மீட்டரில் ஏன் இவ்வளவு சிதறல்?

மாரிட்ஸ்பர்க் வாசி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

அனைவருக்கும் வணக்கம். பிரவுன் பெஸ் என்னும் பழைய ஆங்கிலேயப் படைத் துப்பாக்கியைப் பார்த்துச் செய்த புதுப் பிரதி ஒன்றை, தகுதிச் சான்றிதழ் பெற்று வாங்கி, ஆறு மாதமாகச் சுட்டு வருகிறேன். புரியில்லாத, அதாவது உட்சுவரில் சுருள்வரிகள் வெட்டப்படாத குழல், உள்விட்டம் 19 மில்லிமீட்டர். நான் வார்க்கும் ஈயக்குண்டு 17.5 மில்லிமீட்டர். அக்காலப் படைவீரன் செய்ததைப் போலவே, வெடிமருந்தையும் குண்டையும் காகிதத் தோட்டாவாகச் சுருட்டி வைத்துக்கொண்டு, தோட்டாவைக் கடித்துத் திறந்து, குழலின் பக்கவாட்டில் பொறி விழும் கிண்ணியில் சிறிது மருந்திட்டு, மீதியைக் குழலில் கொட்டி, காகிதத்தோடு குண்டை இடிகோலால் இறக்குகிறேன். மருந்து 110 கிரெயின் (சுமார் 7 கிராம்).

50 மீட்டரில் பத்துக் குண்டு சுட்டால், 60 சென்டிமீட்டர் அகலமுள்ள தாளில் ஏழுதான் படுகின்றன. அந்த ஏழும் திசைக்கொன்றாகக் கிடக்கின்றன. ஹேங்கர் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி, குழல் மிக மோசமாகக் குடையப்படாதிருந்தால் 80 கெஜத்தில் (சுமார் 73 மீட்டர்) ஓர் ஆளைச் சுட்டுவிடலாம் என்று 1814-இல் எழுதியிருக்கிறார். குறை துப்பாக்கியிலா, என் கையிலா?

கருமருந்துக் கிழவன் (டர்பன்):

தம்பி, உங்கள் கையைக் குறை சொல்லுமுன் உங்கள் எண்களைப் பாருங்கள். குழலுக்கும் குண்டுக்கும் இடையே 1.5 மில்லிமீட்டர் வெற்றிடம் இருக்கிறது. மருந்து எரிந்து எழும் வாயுவில் ஒரு பங்கு அந்த இடைவெளியில் வீணாக ஓடிவிடுகிறது. அது மட்டுமென்றால் வேகம் குறையுமே ஒழியச் சிதறல் இவ்வளவு வராது. உண்மையான தொல்லை, குண்டு குழலுக்குள் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டு வருவதுதான். எந்தச் சுவரில் கடைசியாக உரசுகிறதோ அதற்கேற்ப அது சுழலத் தொடங்குகிறது, அந்தச் சுழற்சி காற்றில் அதை ஒரு பக்கமாக வளைக்கிறது. சுழற்சி ஒவ்வொரு முறையும் வேறு என்பதால் வளைவும் வேறு.

பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் இதை 18-ஆம் நூற்றாண்டிலேயே சோதித்துக் காட்டினார். குழலின் நுனியைச் சற்றே இடப்பக்கம் வளைத்துச் சுட்டபோது, குண்டு முதலில் இடப்பக்கமாகப் புறப்பட்டு, வழியிலேயே திரும்பி வலப்பக்கம் போய் விழுந்தது. வளைவினால் குண்டு குழலின் வலச் சுவரோடு உரசி உருண்டு வந்ததே காரணம். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு ஏன் படையில் சிறிய குண்டைக் கொடுத்தார்கள் என்றால், சில முறை சுட்டதுமே கரி படிந்து குழல் குறுகிவிடும். அந்நிலையிலும் வீரன் நிமிடத்துக்கு மூன்று முறை குண்டிட வேண்டும். அவர்களுக்கு விரைவு வேண்டியிருந்தது. உங்களை யாரும் துரத்தவில்லை. ஆகவே 18.2 மில்லிமீட்டர் அச்சு ஒன்று வாங்கி, மென்மையான தூய ஈயத்தில் வார்த்து, 0.4 மில்லிமீட்டர் தடிப்புள்ள பருத்தித் துணித்துண்டில் பொதிந்து இறக்குங்கள். கட்டைவிரலால் தொடங்கி வைக்க முடியாமல், சிறு தட்டு தேவைப்படும் அளவுக்கு இறுக்கம் இருந்தால் போதும். நான் பழைய வேட்டியைக் கிழித்துப் பயன்படுத்துகிறேன். பாலியெஸ்டர் கலந்த துணி உருகிக் குழலில் ஒட்டும், அதைத் தொடாதீர்கள். துணிக்குத் தேன்மெழுகும் ஆலிவ் எண்ணெயும் கலந்த பசை போதும். மாட்டுக்கொழுப்பும் நன்றாக வேலை செய்யும் என்பார்கள், ஆனால் 1857-இல் தோட்டாக் கொழுப்பினால் என்ன நடந்தது என்பது தெரிந்த வீட்டில் அதை அடுப்பில் காய்ச்ச என் மனைவி விடமாட்டார். வண்டிக்குப் போடும் கிரீஸ் மட்டும் கூடாது. கருமருந்தோடு சேர்ந்து தார்போல இறுகும்.

குண்டு இறுக்கமாக இருக்கும்போது 110 கிரெயின் தேவையில்லை. 70-இல் தொடங்கி, ஐந்தைந்து கிரெயினாகக் கூட்டி, ஒவ்வோர் அளவுக்கும் ஐந்து குண்டு சுட்டுத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். எனக்கு 80 பொருந்தியது. கருமருந்தைத் தவிர வேறெதையும் போடாதீர்கள். இக்காலத் தோட்டாக்களில் வரும் புகையில்லா மருந்து இக்குழலைப் பிளந்துவிடும். கொள்கலத்திலிருந்து நேராகக் கொட்டாமல் அளவைக் கிண்ணத்தில் எடுத்து இடுங்கள், ஏனெனில் குழலடியில் கனல் ஒன்று மிச்சமிருந்தால் கொள்கலம் முழுவதும் உங்கள் கையில் வெடிக்கும்.

கேப் அணிவகுப்பு (கேப்டவுன்):

பெரியவர் சொன்ன இயற்பியலில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஆங்கிலேயர் கேப்டவுனைக் கைப்பற்றிய 1806-ஆம் ஆண்டின் புளோபெர்க் போரை நினைவுகூர உடையணிந்து நிற்கிற எங்களைப் போன்றவர்களுக்குக் காகிதத் தோட்டாவை விட்டுத் துணிக்குப் போவது ஏமாற்று வேலைபோலத் தோன்றுகிறது. காகிதத்திலேயே முன்னேற இடமுண்டு. குண்டுப் பகுதியை இன்னொரு சுற்றுக் காகிதத்தால் தடிப்பாக்கி, அதன் வெளிப்புறத்தை உருகிய மெழுகுப் பசையில் தோய்த்தால் இடைவெளி குறையும், கரியும் இளகும். துணியின் ஒழுங்கு வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஹைவெல்ட்காரி (ஜோகன்னஸ்பர்க்):

இருவரும் குழலைப் பற்றியே பேசிவிட்டீர்கள்; பாதிச் சிதறல் பூட்டில், அதாவது மருந்துக்குத் தீ வைக்கும் பொறியமைப்பில் பிறக்கிறது. விசையை இழுத்ததும் கல் உருக்குத் தகட்டில் உரசி, பொறி கிண்ணியில் விழுந்து, தீ துளைவழியே உள்ளே போகும் வரை துப்பாக்கி அசையாமல் இருக்க வேண்டும். முகத்துக்கு அருகே தீ எழுவதைக் கண்டு கண்ணை மூடிக்கொள்வதும் தலையைத் தூக்குவதும் அந்தக் கணத்தில்தான். கண்ணருகே வைத்துக் குறிபார்க்கும் பின்குறி இல்லாத துப்பாக்கியில் கன்னம் படுகிற இடமே பின்குறி. அது ஒரு விரல் உயர்ந்தால் குண்டும் உயரும். குண்டும் மருந்தும் இடாமல் கிண்ணியில் மட்டும் மருந்திட்டு இருபது முறை சுட்டுப் பழகுங்கள்.

கிண்ணியை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். துளையை மருந்து மூடிவிட்டால் அது திரிபோல மெல்ல எரிந்து தாமதமாகும். கல்லைத் தோல் துண்டில் சுற்றி, அதன் விளிம்பு முழுவதும் தகட்டில் ஒருசேரப் படுமாறு பூட்டுங்கள். தீப்பற்றாமல் போனால், ஒரு நிமிடமாவது குழலை இலக்கு நோக்கியே பிடித்திருங்கள்.

இன்னொன்று, இங்கே குளிர்காலக் காற்று வறண்டது; கரி ஓடுபோல இறுகுகிறது. டர்பனில் அது சேறாகிக் கிண்ணி மருந்தையே நனைத்துவிடும். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் ஈரத் துணி ஒருமுறை, உலர்ந்த துணி ஒருமுறை விட்டுத் துடையுங்கள். குழல் வாய்வழியே மருந்திடும் துப்பாக்கிச் சங்கங்களின் பன்னாட்டு அமைப்பான எம்.எல்.ஏ.ஐ.சி. நடத்தும் போட்டியில், 50 மீட்டரில் நின்று சுடும் இவ்வகைத் துப்பாக்கிக்குப் பதின்மூன்று குண்டுக்கு 30 நிமிடம் தருகிறார்கள்; துடைக்க நேரம் தாராளமாக இருக்கிறது. குண்டு மருந்தின்மேல் படிந்த நிலையில் இடிகோலில் ஒரு கோடு கீறிவைத்து, ஒவ்வொரு முறையும் அக்கோடு குழல் வாயோடு சமமாகிறதா என்று பாருங்கள். இடையே வெற்றிடம் விழுந்தால் குழல் வீங்கும், வெடிக்கவும் கூடும்.

மாரிட்ஸ்பர்க் வாசி:

மூவருக்கும் நன்றி. 18.2 அச்சு வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. தாத்தாவின் வேட்டியைக் கேட்டபோது ஆயா முறைத்தார். கடையில் பருத்தித் துணி வாங்கிக்கொண்டேன். 75 கிரெயினில் பத்துக் குண்டும் தாளில் பட்டன, எட்டு ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குள் அடங்கின. மீதி இரண்டுக்கும் நான்தான் தலையைத் தூக்கினேன் என்று பின்னால் நின்ற நண்பர் சொன்னார். குவியல் முழுவதும் நடுவிலிருந்து ஒரு சாண் இடப்பக்கம் தள்ளிக் கிடக்கிறது. இதற்குக் குழல் நுனியிலுள்ள முன்குறியை அராவலாமா?

கருமருந்துக் கிழவன்:

அராவாதீர்கள். அது துப்பாக்கிமுனைக் கத்தியை மாட்டும் கட்டை. தேய்த்தால் திரும்ப வராது. இன்னும் மூன்று நாள் சுட்டுப் பார்த்து, அதே இடத்தில் விழுந்தால், ஒரு சாண் வலப்பக்கம் குறிபாருங்கள்.