மூன்று நிறுவனங்கள், ஒரே தரவுத்தளம்: பெயரைத் திருத்தும் அதிகாரம் யாருக்கு?

கேள்வி – சருகு
இரண்டு ஹெர்பேரியங்களும் (உலர்ந்த தாவர மாதிரிக் காப்பகங்கள்) ஒரு பூச்சி அருங்காட்சியகமும் சேர்ந்து மாதிரிகளின் விவரங்களைப் பொதுத்தளத்தில் ஏற்றி, டார்வின் கோர் என்ற பொதுத் தரவு வடிவில், உலகப் பல்லுயிர்த் தரவுகளைத் திரட்டும் ஜிபிஃப்புக்கு (GBIF) அனுப்பப்போகிறோம். ஒருவர் காப்பகத்துத் தாளை (செடி ஒட்டிய மாதிரித் தாள்) இன்னொரு நிறுவன வல்லுநர் வேறு இனம் என்றால், பெயரை மாற்றுவது யார்? நாளைக்கு ஒருவர் விலகினால் தரவு என்னாகும்? ஒப்பந்தத்தில் எதையெல்லாம் எழுத வேண்டும்?

பதில் – வேர்முடிச்சு
தாள் யார் அலமாரியில் இருக்கிறதோ, மூலப் பதிவும் அவரிடமே. பொதுத்தளம் அதன் நகல். ஒப்பந்தத்தின் முதல் வரியாக இதை எழுதுங்கள். வெளியாட்கள் பெயர்ப் புலத்தில் (பதிவில் பெயர் எழுதும் கட்டம்) கைவைக்கக் கூடாது. கருத்தைத் தனிக் குறிப்பாகச் சேர்க்கட்டும்: எந்தப் பெயர், யார் சொன்னது, தேதி, தாளை நேரில் பார்த்தாரா படத்தை வைத்தா. தாளை வைத்திருக்கும் நிறுவனத்தின் காப்பாளர் ஏற்றால் மூலத்தில் ஏறும், பழைய பெயரும் அழியாமல் நிற்கும். தாளிலும் புதுச் சீட்டு ஒட்டுங்கள். கணினியில் மட்டும் மாற்றினால் அடுத்து அந்தத் தாளைத் திறப்பவருக்குத் தெரியாது. காப்பாளருக்கு 60 நாள் மாதிரி ஒரு கெடு வையுங்கள். கெடு தாண்டினால் ‘காப்பாளர் பார்க்கவில்லை’ என்ற குறியோடு கருத்து வெளியாகட்டும்.

பதிவின் அடையாள எண்ணை நிறுவனக் குறியீடு, அட்டவணை எண் இவற்றைக் கோத்துக் கட்டாதீர்கள். தொகுப்பு கைமாறினால் எண்ணும் மாறும், ஜிபிஃப் அதைப் புதுப் பதிவாக எண்ணிவிடும். ஒருமுறை உருவாக்கிய யூயூஐடி (UUID, வேறெதற்கும் வராத தனி அடையாள எண்) போதும்.

பதில் – ஓடைக்கரை
அரிய இனங்களின் இடத்தை மறைப்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ஆயத்தொலைவை 0.1 பாகைக்குச் சுருக்கினால் அட்சரேகையில் சுமார் 11 கிலோமீட்டர் மங்கும். ஆனால் பக்கத்திலேயே லேபிள் படம் இருக்கும். அதில் ‘பாலத்திலிருந்து 200 மீட்டர், இடது கரை’ என்று தெளிவாக எழுதியிருக்கும்! இடக்குறிப்புப் புலத்தையும் படத்தில் லேபிள் பகுதியையும் சேர்த்தே மறையுங்கள். இன்னொரு ஓட்டை சேகரிப்பு எண், அதாவது சேகரித்தவர் தன் மாதிரிகளுக்கு வரிசையாகப் போடும் எண். 411 மறைந்திருந்தாலும், அதே ஆள் அதே நாளில் எடுத்த 410, 412 துல்லியமான இடத்தோடு இருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். அவற்றையும் சேர்த்துச் சுருக்குங்கள். பிழை வீச்சை (நிஜ இடம் எவ்வளவு தள்ளியிருக்கலாம் என்பதை) மீட்டரில் உயர்த்திப் போடுங்கள், சுருக்கியதைப் பதிவிலேயே சொல்லுங்கள். இல்லாவிட்டால் பரவல் வரைபடம் போடுபவர் அதை நிஜப் புள்ளியாக நம்பிவிடுவார். முழு விவரம் மூலத்தில் அப்படியே இருக்கட்டும்.

பதில் – காப்பறை
ஜிபிஃப் ஏற்பது மூன்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களை மட்டுமே: சிசி0 (நிபந்தனை இல்லை), சிசி பை (மூலத்தின் பெயரைச் சொல்ல வேண்டும்), சிசி பை-என்சி (பெயரும் சொல்ல வேண்டும், வணிகத்துக்கும் பயன்படுத்தக் கூடாது). ஒரு தரவுத் தொகுதிக்கு ஒரே உரிமம். மூவருக்கும் ஒத்துவராவிட்டால் மூன்று தொகுதிகளாக வெளியிடுங்கள். விலகுபவர் தன் தொகுதியை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஏற்கெனவே பதிவிறக்கிய நகலுக்குக் கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. கையெழுத்துக்கு முன் எல்லோருக்கும் இது புரிய வேண்டும்.

லேபிளில் பழங்குடி மக்களின் மருத்துவப் பயன்பாடு எழுதியிருந்தால் அந்தப் புலத்தைத் தனியே பிரித்து வையுங்கள். பழங்குடி மக்களின் தரவுகளை ஆள்வதற்காக 2019இல் வந்த கேர் (CARE) நெறிகள் கேட்பது அதைத்தான்: அதை வெளியிடலாமா என்று முடிவு செய்யும் உரிமை அந்த மக்களுடையது. பொதுத்தளத்தை நடத்தும் ஆட்சிக்குழுவில் அவர்களுக்கு வாக்குள்ள இடம் கொடுங்கள், வெறும் ஆலோசகராக உட்கார வைக்காதீர்கள்.