முதல் வருஷப் பிரதிநிதி வாயைத் திறக்கலாமா?

மஞ்சக்குப்பம் பொண்ணு:
எங்கள் மெதடிஸ்ட் சபையிலிருந்து ஆண்டு மாநாட்டுக்கு இந்த முறை என்னை அனுப்பினார்கள். கணக்கு அறிக்கை வாசித்ததும், இளைஞர் ஊழியத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஏன் செலவே காட்டவில்லை என்று கேட்க எழுந்தேன். பக்கத்திலிருந்த பெரியவர் "முதல் வருஷம் உட்கார்ந்து பாரும்மா" என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். அறிக்கை ஏகமனதாக நிறைவேறியது. இது சரியா?

முத்தியால்பேட்டை அண்ணன்:
அவர் சொன்னதில் தப்பில்லைம்மா. மாநாட்டு மேடை கடைசிப் படி. அமெரிக்காவின் ஐக்கிய மெதடிஸ்ட் சபை 2024 ஏப்ரல் 23 முதல் மே 3 வரை சார்லட் நகரில் கூடியபோதும் மனுக்கள் முதலில் குழுக்களுக்குத்தான் போயின, அங்கே பேசித் தீர்த்து, பெரிய எதிர்ப்பு இல்லாதவற்றை மொத்தமாக ஒரே ஓட்டில் முடிப்பார்கள். இந்த நடைமுறை பிடிபடாமல் எழுந்தால் ஒழுங்குப் பிரச்சினை, அதாவது கூட்ட விதிப்படி இல்லை, என்று ஒரே வார்த்தையில் உட்கார வைத்துவிடுவார்கள், அப்புறம் நல்ல கேள்வியும் வீணாகும்.

திருப்பாதிரிப்புலியூர் அக்கா:
அதே சபையை வைத்தே சொல்கிறேன். அங்கே பிரதிநிதிகளில் பாதிப் பேர் போதகர்கள், பாதிப் பேர் சாதாரண சபையார், புதியவருக்கும் பழையவருக்கும் ஆளுக்கு ஒரே ஓட்டு. 2019 சிறப்புக் கூட்டத்தில் ஓரினச் சேர்க்கை தொடர்பான தடைகளை இறுக்கும் திட்டம் 438க்கு 384 என்று நிறைவேறியது. 28 பேர் மாற்றிப் போட்டிருந்தால் தோற்றிருக்கும்! அந்தத் தடைகளைத்தான் 2024இல் எடுத்தார்கள். அந்த 28 பேரில் முதல் வருஷப் பிள்ளைகள் இருந்திருக்க முடியாதா? ஓட்டுப் போடத் தகுதி உண்டு, கேட்கத் தகுதி இல்லை என்பது எந்த ஊர் நியாயம்?

முத்தியால்பேட்டை அண்ணன்:
ஓட்டு வேறு, பேச்சு வேறு. இந்திய மெதடிஸ்ட் சபை 1981லேயே தன்னாட்சி பெற்றுவிட்டது, அவர்கள் சட்டம் நம்மைக் கட்டாது. நான் அவர்களைச் சொன்னது வேலை நடக்கும் முறைக்காக மட்டும்தான். கேள்வியை முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால் பதில் சொல்லாமல் நழுவுவது கஷ்டம்.

மஞ்சக்குப்பம் பொண்ணு:
அறிக்கை நகலே அன்று காலையில்தான் கைக்கு வந்தது அண்ணே. எதைப் பார்த்து முன்கூட்டி எழுதுவது? எங்கள் சபையில் இளைஞர் முகாமுக்குக் காசில்லை என்று சொன்னார்கள், அறிக்கையில் பார்த்தால் பணம் அப்படியே கிடக்கிறது. என்னை அனுப்பிய பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்ல?

முத்தியால்பேட்டை அண்ணன்:
நகல் விஷயத்தில் உன் பக்கம்தான் நியாயம். "பதினைந்து நாள் முன்னால் நகல் தரவேண்டும்" என்று அடுத்த வருஷம் தீர்மானம் கொண்டு வாம்மா, வழிமொழிய ஆள் பிடித்துத் தருகிறேன். ஆனால் கணக்கு வாசிக்கும்போது திடீரென்று எழுவதை இப்பவும் ஏற்க மாட்டேன்.

திருப்பாதிரிப்புலியூர் அக்கா:
அடுத்த வருஷத்துத் தீர்மானம் இருக்கட்டும். இந்த வருஷத்துப் பணத்தை யார் கேட்பது?