வங்கி வேலையை விட்டுவிட்டு முழுநேரம் எழுதலாமா?

பொருநைக்கரையான்:
பொதுத்துறை வங்கியில் கிளார்க். வயது 31. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிளை. சிறுகதைத் தொகுப்பு ஒன்று வந்துவிட்டது, நாவல் பாதியில் நிற்கிறது. வீடு வந்து சேர எட்டு மணி ஆகிறது, அதற்குமேல் எழுத முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் எழுதிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். கையிருப்பு ஒரு வருடம் தாங்கும். திட்டுவதானாலும் காரணம் சொல்லித் திட்டுங்கள்.

பழைய கேஷியர்:
தம்பி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். புத்தகம் 250 ரூபாய், ராயல்டி 10 சதவீதம், 500 பிரதி. அத்தனையும் விற்று, பதிப்பாளர் ஒழுங்காகக் கணக்கும் காட்டினால் 12,500 ரூபாய். வருடத்துக்கு ஒரு நாவல் எழுதினாலும் மாதம் ஆயிரத்துச் சொச்சம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக் கூட்டத்தைப் பார்த்து மயங்காதீர்கள், அதில் பாதிப் பேர் பஜ்ஜிக்கு வந்தவர்கள்.

எழுத்தாளர் லா.ச.ரா. பஞ்சாப் நேஷனல் வங்கியில் இருந்தார். வண்ணதாசன் ஸ்டேட் வங்கி. சுஜாதா பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். தி. ஜானகிராமன் வானொலி. சம்பளம் ஒரு பக்கம் வந்துகொண்டிருந்ததால்தான் பிடித்ததை எழுத முடிந்தது.

ஒற்றைப்பனை:
கேஷியர் சார், லா.ச.ரா. காலத்து வங்கியில் கிளார்க்குக்கு இன்ஷூரன்ஸ் பாலிசி விற்கும் டார்கெட் இருந்ததா? லெட்ஜரை மூடினால் மூடியதுதான். இன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸப் குழுவில் ‘இன்று எத்தனை கணக்கு’ என்று கேட்கிறார்கள். இரண்டாம், நான்காம் சனி லீவு என்று பேர், அன்றைக்குப் பார்த்து ஒரு முகாம் வைப்பார்கள். நீங்கள் சொல்லும் அந்த வேலையே இப்போது இல்லை, அதைக் காட்டி இவரை உட்காரச் சொன்னால் எப்படி?

அசோகமித்திரன் 1966இல் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டார். அவருடைய முக்கியமான நாவல்கள் எல்லாம் அதற்கு அப்புறம் வந்தவை. நானும் ஐ.டி. வேலையை விட்டு ஆறு வருடம் ஆகிறது. மொழிபெயர்ப்பு, விளம்பர வாசகம் என்று வண்டி ஓடுகிறது. காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை என் எழுத்து.

பழைய கேஷியர்:
அசோகமித்திரன் பட்ட பணக்கஷ்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். புதுமைப்பித்தன் பத்திரிகை வேலையை விட்டு சினிமாவுக்குப் போனார், சொந்தப் படம் எடுக்கவும் பார்த்தார். 1948இல் காசநோயில் போய்ச் சேர்ந்தபோது வயது 42. இவர்களாவது பேர் நின்றவர்கள். பேரே தெரியாமல் போனவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

அப்புறம், விளம்பர வாசகம் எழுதுவதும் ஒரு வேலைதானே? முதலாளியை மாற்றியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஒற்றைப்பனை:
அது சரிதான், மறுக்கவில்லை. இப்போது மொழிபெயர்ப்பிலும் மெஷின் போட்டதைக் கொடுத்துத் திருத்தித் தரச் சொல்கிறார்கள், பழைய கூலியில் பாதி. திருத்துவதற்குப் புதிதாகவே எழுதிவிடலாம் போலிருக்கிறது. ஆனால் இந்த முதலாளி ஒன்பது மணிக்கு மேல்தான் கூப்பிடுகிறார். காலை நான்கு மணி நேரம் என்னுடையது. எனக்கு அது போதும்.

சாலிகிராமத்துக்காரி:
இரண்டு பேரும் எழுத்தாளர் கதையே பேசுகிறீர்கள். எழுத்தாளர் வீட்டில் யார் இருந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

என் கணவர் 2015இல் வேலையை விட்டு உதவி இயக்குநர் ஆனார். ‘மூன்றே வருடம்’ என்றார். படப்பிடிப்பு நடந்தால் பேட்டா என்று நாள்படி கிடைக்கும், நடக்காவிட்டால் அதுவும் இல்லை. கதை விவாதத்துக்கு மாதக்கணக்கில் போவார், டீயும் சாப்பாடும் கிடைக்கும். 2020 மார்ச்சில் படப்பிடிப்புகள் நின்றபோது வீட்டு வாடகை முழுக்க என் டியூஷன் காசு. ரிஸ்க் எடுத்தது அவர், தவணை கட்டியது நான். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, நல்ல மனுஷர், இன்றைக்கும் கதை சொன்னால் நான் அழுதுவிடுவேன். ஆனால் வேலையை விடுவதற்கு முன் என்னிடம் அவர் கேட்கவில்லை. விட்டுவிட்டு வந்து சொன்னார். பத்து வருடம் ஆகியும் அதுதான் உறுத்துகிறது, பணம் இல்லை.

பொருநைக்கரையான் தம்பி, உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?

பழைய கேஷியர்:
அம்மா சொல்வதற்கு மேல் நான் என்ன சொல்ல. ஒன்று மட்டும். 2010 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர் என்றால் என்.பி.எஸ். என்ற புதிய ஓய்வூதியத் திட்டம்தான், அதனால் பழைய பென்ஷன் போய்விடுமே என்று அழ வேண்டியதில்லை. ஆனால் ஐந்து வருடம் முடியாமல் ராஜினாமா செய்தால் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, கிடையாது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ராஜினாமாவுக்கு முன்னால் சம்பளமில்லா விடுப்புக்கு எழுதிக் கொடுங்கள். மூன்று மாதம் கிடைத்தாலும், வீட்டில் உட்கார்ந்தால் நாவல் நகர்கிறதா என்று தெரிந்துவிடும். பலருக்கு நகராது. எனக்கு நகரவில்லை.

ஒற்றைப்பனை:
சார், நீங்களும் எழுதுவீர்களா!

பழைய கேஷியர்:
எழுதினேன். அதை விடுங்கள்.

பொருநைக்கரையான்:
சேர்ந்து நாலரை வருடம் ஆகிறது. கிராஜுவிட்டி விஷயம் யோசிக்கவே இல்லை, நன்றி சார். விடுப்புக்கு நாளைக்கே மேனேஜரிடம் கேட்கிறேன்.

அக்கா, கல்யாணம் ஆகிவிட்டது. ஒரு பெண் குழந்தை, இரண்டு வயது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

சாலிகிராமத்துக்காரி:
அப்படியானால் மேனேஜரிடம் நாளை மறுநாள் கேளுங்கள்.