புதுப்பிப்பு: மஸ்டாங் பெட்ரோல் பிரஷர் விவகாரம், தப்பு என் கையில்தான்

போன வாரம் கேட்டிருந்தேனே, 1989 மஸ்டாங் 5.0 காரில், பெட்ரோல் பிரஷரைத் திருகி மாற்றக்கூடிய அட்ஜஸ்டபிள் ரெகுலேட்டர் போட்ட பிறகு முழு ஆக்ஸிலரேட்டரில் கரும்புகை வருகிறது, பிளக்கெல்லாம் கரி என்று. விடை கிடைத்துவிட்டது.

39 பிஎஸ்ஐ வைத்தது சரிதான். ஆனால் இன்ஜினின் உறிஞ்சலை ரெகுலேட்டருக்குக் கொண்டுபோகும் வேக்குவம் ஹோஸைக் கழற்றாமலே ஐடிலிங்கில் வைத்துத் தொலைத்திருக்கிறேன். அந்த உறிஞ்சல் பிரஷரைக் குறைத்துவிடும். அந்த 39 ஹோஸ் இல்லாதபோது இருக்கவேண்டிய அளவு. நேற்று ஹோஸைக் கழற்றினதும் கேஜ் முள் 48-க்குத் தாவியது! பிரஷர் கூடினால் பெட்ரோல் அதே கணக்கில் கூடாது, வர்க்கமூலக் கணக்கு; அப்படிப் பார்த்தாலும் 11 சதவீதம் அதிகம். சாதாரண ஓட்டத்தில் ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து கம்ப்யூட்டர், இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் நேரத்தைக் குறைத்துச் சமாளித்திருக்கிறது. முழுசாக மிதித்தால் அது சென்சாரைக் கேட்காது. அங்கேதான் புகை.

ஹோஸ் முனையை மோந்து பார்த்தேன், பெட்ரோல் வாடை இல்லை; ரெகுலேட்டருக்குள் இருக்கும் சவ்வு (டயாஃப்ரம்) கிழியவில்லை. ஹோஸை அடைத்துவிட்டு, ரெகுலேட்டரின் லாக் நட்டைத் தளர்த்தி, ஆலன் கீயைக் கால் சுற்று கால் சுற்றாக இடப்பக்கம் திருப்பினேன். 39 வந்தது. ஹோஸை மாட்டினதும் 30. கேஜைக் கழற்றும்போது அடியில் துணி வையுங்கள், நான் வைக்கவில்லை, சட்டை இன்னும் நாறுகிறது.

கம்ப்யூட்டர் கற்றுவைத்த பழைய திருத்தம் அழியட்டும் என்று பேட்டரியை இரவு முழுக்கக் கழற்றி வைத்தேன். காலையில் ஓட்டினேன். புகை இல்லை.

"டெயில்பைப்பைப் பார்க்காதே, முதலில் ஹோஸைப் பிடுங்கு" என்ற அண்ணனுக்கு நன்றி.