இருபதாயிரம் வெள்ளி: இளம் மனநல மருத்துவர்களின் ஆய்வுக்குக் கொடுக்கலாமா?

கணக்கப்பிள்ளை (ஞாயிறு, இரவு 9:10)

மலேசியா, சுங்கை சிப்புட் மக்களுக்கு வணக்கம். நம் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு குடும்பம் 20,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்திருக்கிறது. மனநலத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. ஏன் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும், இங்கே எழுத வேண்டாம்.

செயலவையில் வந்த யோசனை இது: தலா 5,000 வெள்ளி வீதம் நான்கு சிறு ஆய்வு மானியம். மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருப்பவர்களும், நிபுணராகி ஐந்து வருடம் தாண்டாதவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆய்வு நம் வட்டாரத் தோட்டக் குடும்பங்களைப் பற்றி இருக்க வேண்டும். செயலவையில் நாலுக்கு நாலு என்று நிற்கிறது. எனக்குப் பிடித்த யோசனைதான், ஆனால் பொருளாளர் என்பதால் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எழுதுங்கள்.

லயத்துவாசி (ஞாயிறு, இரவு 9:41)

வேண்டாம். பத்து வருடத்துக்கு முன் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து நாலு பிள்ளைகள் எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) வந்தார்கள். கத்தைத் தாள், கேள்வி மேல் கேள்வி. என் அம்மாவிடம் 'சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா' என்றுகூடக் கேட்டார்கள். கிளம்பும்போது ஒரு துண்டும் ஒரு மைலோ பாக்கெட்டும் கொடுத்தார்கள். அவ்வளவுதான். அந்தத் தாள்கள் எங்கே போயின, அதில் என்ன கண்டுபிடித்தார்கள் என்று இன்றுவரை ஒருவரும் வந்து சொல்லவில்லை. யாரோ ஒருவருக்குப் பட்டம் கிடைத்திருக்கும்.

அப்புறம், எண்ணுகிற வேலையை அரசாங்கமே செய்கிறது. 2015 தேசிய சுகாதார ஆய்வில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு மனநலப் பிரச்சினை என்றார்கள். 2019-ல் மனச்சோர்வு 2.3 விழுக்காடு என்றார்கள். நாலு வருடத்தில் நாடே குணமாகிவிட்டதா? இந்தக் கணக்குக்கு நம் காசு வேறா?

டாக்டர்_பொண்ணு (ஞாயிறு, இரவு 10:25)

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மனநல மருத்துவ மாஸ்டர்ஸ் மூன்றாம் ஆண்டு. என் பெரியப்பா செயலவையில் இருக்கிறார், அதனால் இந்த மானியத்துக்கு விண்ணப்பிக்க மாட்டேன்.

லயத்துவாசி ஐயா, உங்கள் அம்மாவுக்கு நடந்தது தவறு. அதில் மறுபேச்சு இல்லை.

எண்கள் விஷயம் வேறு. 2015-ல் கேட்டது பொதுவான மன உளைச்சலைப் பிடிக்கிற 12 கேள்விப் படிவம். 2019-ல் கேட்டது மனச்சோர்வை மட்டும் பிடிக்கிற பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம். ஒன்று அகல வலை, மற்றது ஒரே மீனுக்குப் போட்ட தூண்டில். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. 2023-ல் மனச்சோர்வு 4.6 விழுக்காடு என்று வந்தது. அதை 2019-ன் 2.3-ஓடு ஒப்பிடலாம், இரட்டிப்பாகியிருக்கிறது.

எங்கள் நிலைமையையும் கேளுங்கள். நாலு வருடப் படிப்பில் ஆய்வேடு கட்டாயம். போட்டோகாப்பி, பெட்ரோல், மொழிபெயர்ப்புக் கூலி எல்லாம் பெரும்பாலும் சொந்தக் காசு. பெரிய நிதிக்குப் போனால் 'இதற்கு முன் என்ன செய்தாய், முன்னோட்ட ஆய்வு எங்கே' என்பார்கள். முன்னோட்ட ஆய்வுக்குக் காசு கேட்டாலும் அதே கேள்வி. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்பது போல. (மனநல மருத்துவர் சொல்லக் கூடாத பழமொழி. மன்னிக்கவும், வேறு வாயில் வரவில்லை.) அந்த முடிச்சை அவிழ்க்கத்தான் சிறு மானியம்.

செல்வி57 (திங்கள், காலை 6:50)

எனக்குப் பெரிய பேச்சு தெரியாது. என் தம்பிக்கு 26 வயதில் மனநோய் வந்தது, இப்போது 51. மாதம் ஒரு ஊசி. ஊசி தவறினால் ஆறு வாரத்தில் வீடு தலைகீழாகும். பஸ் ஏற்றினால் அவனுக்குப் பயம், நடுவழியில் இறங்கிவிடுவான். கிராப் கார் போக வர 60 வெள்ளி. நான் சாப்பாட்டுக் கடையில் நாள் கூலி, அன்றைக்குச் சம்பளமும் இல்லை.

60 வெள்ளி, 12 மாதம், 720 வெள்ளி. உங்கள் 20,000-ல் 27 பேரை ஒரு வருடம் ஊசிக்குக் கூட்டிப்போகலாம். நேற்று இரவு என் மகள் கணக்குப் போட்டுக் கொடுத்தாள்.

லயத்துவாசி (திங்கள், காலை 7:05)

செல்வி சொன்னதற்கு மேல் என்ன இருக்கிறது.

பெரட்டு_மணி (திங்கள், பிற்பகல் 1:30)

இருக்கிறது ஐயா. நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் 31 வருடம் டிரசராக (மருத்துவ உதவியாளராக) இருந்தவன். ஆய்வு என்றால் வெறும் பேப்பர் என்று நினைக்காதீர்கள். ஒரு புழுங்கல் அரிசிக் கதை சொல்கிறேன்.

நூறு வருடத்துக்கு முன் இந்த நாட்டில் பெரிபெரி என்ற நோயில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். கால் வீங்கும், இதயம் நிற்கும். ஈயச் சுரங்கத்துச் சீனர்களுக்கு வந்தது, பால்மரத் (ரப்பர்) தோட்டத்துத் தமிழர்களுக்கு அவ்வளவாக வரவில்லை. அவர்கள் தின்றது சயாம் பச்சரிசி, நம்மவர்கள் தின்றது புழுங்கல் அரிசி. 1905-ல் கோலாலம்பூர் மனநோய்க் காப்பகத்தில் பிளெட்சர் என்ற டாக்டர் நோயாளிகளை வரிசையாக நிற்கவைத்து எண்ணி, ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை ஒரு பக்கம் என்று பிரித்தார். ஒரு பக்கத்துக்குப் பச்சரிசி, மறு பக்கத்துக்குப் புழுங்கல். நோய் அரிசியைத் தொடர்ந்தது. 1907-ல் லான்செட் இதழில் எழுதினார். ஒரு காப்பகம், ஒரு டாக்டர், இரண்டு அரிசி மூட்டை. இதைவிடச் சின்ன ஆய்வு உண்டா?

லயத்துவாசி (திங்கள், பிற்பகல் 2:12)

மணி அண்ணே, பாதிக் கதையைச் சொல்லி நிறுத்திவிட்டீர்கள். பச்சரிசிப் பக்கத்தில் 18 பேர் செத்தார்கள். புழுங்கல் பக்கத்தில் பெரிபெரியால் ஒருவரும் சாகவில்லை. அந்தப் பதினெட்டுப் பேரிடம் 'உனக்கு எந்த அரிசி வேண்டும்' என்று யாராவது கேட்டார்களா? காப்பகத்துக்குள் இருக்கிறவன், கேட்க நாதியில்லை. அதனால்தான் அவனை வைத்துச் செய்தார்கள். என் பயம் இப்போதாவது புரிகிறதா?

பெரட்டு_மணி (திங்கள், பிற்பகல் 2:40)

புரிகிறது. 18 என்பது எனக்கும் தெரியும். எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

டாக்டர்_பொண்ணு (திங்கள், இரவு 8:15)

அந்தக் காலம் வேறு. இப்போது சுகாதார அமைச்சின் மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ ஆய்வு செய்ய வேண்டுமானால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும். பொதுவாக நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் கேள்வி கேட்க முடியாது. பாதியில் 'போதும்' என்று எழுந்து போகலாம், சிகிச்சை நிற்காது. அனுமதி வரவே மாதக் கணக்கில் ஆகும், அது வேறு தலைவலி.

5,000 வெள்ளியில் என்ன செய்யலாம் என்று ஒரே ஒரு உதாரணம். பி.எச்.கியூ-9-ல் தூக்கம் கெடுகிறதா என்று ஒரு கேள்வி உண்டு. பால் வெட்டிய ஒரு பாட்டியிடம் கேட்டேன். 'நாலு மணிக்கு முழிப்பு வந்துரும், அப்புறம் தூக்கம் கிடையாது' என்றார். தாளில் அது நோயின் அறிகுறி, மூன்று மதிப்பெண். ஆனால் பாட்டி நாற்பது வருடம் பெரட்டுக்கு (விடிகாலையில் பேர் கூப்பிடுவதற்கு) போனவர். வேலை நின்று இருபது வருடம் ஆகியும் உடம்பு அந்த மணியை மறக்கவில்லை. இன்னொரு கேள்வியில் பசியில்லாமல் இருக்கிறதா, அல்லது அதிகமாகச் சாப்பிடுகிறீர்களா என்று இரண்டு எதிரெதிர் விஷயத்தை ஒன்றாகக் கேட்கிறோம். பாட்டி 'ரெண்டும் இல்லை' என்பதா, 'ஆமா' என்பதா என்று தெரியாமல் சிரித்தார். 'நம்பிக்கையின்மை' என்று வாசித்தபோது 'எனக்கு முருகன் மேல நம்பிக்கை இருக்கு' என்றார். மனச்சோர்வு என்ற சொல்லையே அவர் சொல்வதில்லை. நெஞ்சு அடைக்குது, தலை கனக்குது, மனசு கெட்டுப்போச்சு, இப்படித்தான் பேச்சு.

இந்தத் தாளில் 27-க்கு 10 வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது வழக்கம். நம் பாட்டிகளுக்கு அந்தப் பத்து பொருந்துமா என்பதை இங்கே உட்கார்ந்து பேசித்தான் தெரிந்துகொள்ள முடியும். இருபது பேர், ஆளுக்குப் போக்குவரத்தும் அரை நாள் கூலியும் சேர்த்து 50 வெள்ளி என்றால் 1,000. மிச்சத்தில் மொழிபெயர்ப்பு, பேச்சை எழுத்தாக்குகிற வேலை, பெட்ரோல். படிவம் இலவசம், யாரிடமும் அனுமதிக் கட்டணம் கட்ட வேண்டாம்.

எண்சுவடி (திங்கள், இரவு 10:58)

கோலாலம்பூரில் புள்ளியியல் சொல்லித்தருகிறேன், சொந்த ஊர் இதுதான். நான் பாதி ஆதரவு, பாதி எதிர்ப்பு.

5,000 வெள்ளிக்கு ஒரு மருந்தோ ஆலோசனை முறையோ வேலை செய்கிறது என்று நிரூபிக்க முடியாது. ஆள் போதாது. அதைவிட மோசம், சின்ன ஆய்வில் தற்செயலாக ஒரு பலன் தென்பட்டால் அது உண்மையைவிடப் பெரிதாகத்தான் தென்படும். அதை எழுதி, அச்சேற்றி, அடுத்தவன் அதை நம்பி இன்னொன்று செய்வான். அதனால் 'நிரூபிக்கிறேன்' என்று வருகிற விண்ணப்பத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்குங்கள். டாக்டர் சொன்ன பாட்டி ஆய்வு சரியான அளவு.

இன்னொன்றும் தோன்றுகிறது. பாராகுவாட் களைக்கொல்லியை 2002-ல் தடுத்தார்கள், 2006-ல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை. தோட்டங்களில் அது என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தடைக்கு முன்னும் பின்னும் நஞ்சு குடித்து வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று ஒரு மாவட்ட மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் புரட்டினால் போதும். யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம், மைலோவும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: சில சஞ்சிகைகள் கட்டுரையை இலவசமாகப் படிக்கவிடுவதற்கு எழுதியவரிடம் ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும். சங்கத்துக் காசு அதற்குப் போகக் கூடாது.

லயத்துவாசி (செவ்வாய், காலை 6:20)

தோட்டக் குடும்பம் என்கிறீர்களே, தோட்டத்தில் யார் இருக்கிறார்கள்? பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. இப்போது வெட்டுவது வங்காளதேசத்துப் பிள்ளைகளும் இந்தோனேசியர்களும். நம்மவர்கள் தாமானிலும் (வீடமைப்புப் பகுதியிலும்) மலிவு விலை அடுக்கு வீட்டிலும் கிடக்கிறார்கள். லயத்திலாவது பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால் ஓடி வருவார்கள். இங்கே இரும்புக் கதவு. இதை ஆராய டாக்டர் எதற்கு?

டாக்டர்_பொண்ணு (செவ்வாய், பிற்பகல் 12:50)

ஐயா, நீங்கள் இப்போது எழுதியதே ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

செல்வி அக்காவுக்கு: போக்குவரத்துக் காசு கொடுத்தால் ஊசி தவறுவது குறைகிறதா என்பதையே ஒரு மானியத்துக்கு எடுக்கலாமே? காசும் போய்ச் சேரும், கணக்கும் கிடைக்கும். கணக்கு இருந்தால் மாவட்ட சுகாதார அலுவலகத்திடம் போய் 'நீங்களே கொடுங்கள்' என்று கேட்கலாம்.

எண்சுவடி (செவ்வாய், பிற்பகல் 1:15)

அப்படியானால் சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்குக் கொடுத்து, பாதிப் பேருக்குக் கொடுக்காமல் ஒப்பிட வேண்டும்.

செல்வி57 (செவ்வாய், பிற்பகல் 3:40)

சீட்டுக் குலுக்குவீர்களா? என் தம்பி பேர் வராவிட்டால் நான் என்ன செய்ய? ஒற்றைப்படை, இரட்டைப்படை, அதே கதைதானே.

டாக்டர்_பொண்ணு (செவ்வாய், இரவு 9:00)

அக்கா, எல்லாருக்கும் கொடுக்கலாம். தொடங்குகிற மாதத்தை மட்டும் மாற்றலாம். சிலருக்கு ஜனவரி, சிலருக்கு ஏப்ரல். அப்படிச் செய்கிற முறை உண்டு.

செல்வி57 (செவ்வாய், இரவு 9:22)

ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில்தான் போன தடவை அவன் விழுந்தான் டாக்டர். போலீஸ் வந்து, தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோய், இரண்டு மாதம். தெருவில் பிள்ளைகள் இன்னும் அந்த ஊர்ப் பேரைச் சொல்லித்தான் அவனைக் கூப்பிடுகிறார்கள்.

டாக்டர்_பொண்ணு (செவ்வாய், இரவு 11:47)

ரொம்ப நேரம் யோசித்துவிட்டு எழுதுகிறேன். எல்லாருக்கும் ஒரே நாளில் தொடங்கலாம். ஒப்பிடுவதற்கு அவரவருடைய போன வருட ஊசி அட்டை போதும். போன வருடம் எத்தனை தவறியது, இந்த வருடம் எத்தனை தவறியது, அவ்வளவுதான்.

எண்சுவடி (புதன், காலை 8:05)

பலவீனமான ஆதாரம். காசு கொடுக்காவிட்டாலும் இந்த வருடம் குறைந்திருக்கலாம்.

டாக்டர்_பொண்ணு (புதன், காலை 8:30)

பலவீனம்தான் சார். அதைக் கட்டுரையில் நானாக இருந்தால் முதல் பக்கத்திலேயே எழுதுவேன்.

பெரட்டு_மணி (புதன், காலை 10:10)

ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. மருத்துவமனையில் ராத்திரி முழுக்க ஆன்-கால் பார்த்துவிட்டு வருகிற டாக்டருக்குப் பணத்தைவிட நேரம்தான் பஞ்சம். 5,000 வெள்ளி கொடுத்தால் தூக்கம் வாங்க முடியுமா? கேள்வி கேட்கிற வேலைக்கு ஊர்க்காரர் ஒருவருக்குக் கூலி கொடுங்கள். ரிட்டயர் ஆன டீச்சர்கள் எத்தனை பேர் கோயிலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள். நானும் சும்மாதான் இருக்கிறேன், கூலி வேண்டாம், மோட்டாருக்கு எண்ணெய்க் காசு போதும்.

லயத்துவாசி (புதன், பிற்பகல் 12:00)

மணி அண்ணே கேட்டால் ஜனங்கள் பேசுவார்கள், அது உண்மை. ஆனாலும் என் ஓட்டு மாறவில்லை. மானியம் என்று முடிவானால் ஒரு நிபந்தனை போடுங்கள். பணத்தின் கடைசி 1,000 வெள்ளியைக் கையில் பிடித்து வையுங்கள். ஆய்வு முடிந்து, அந்த டாக்டர் நம் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் நின்று, கண்டுபிடித்ததைத் தமிழில் சொன்ன பிறகு கொடுங்கள். வராவிட்டால் அந்த 1,000 ஊசிக் காருக்கு.

கணக்கப்பிள்ளை (புதன், இரவு 9:30)

எழுதிக்கொண்டேன். இப்போது மேசையில் இருப்பது: இரண்டு மானியம் ஆய்வுக்கு, மிச்சம் 10,000 செல்வி அக்காவின் ஊசிக் காருக்கு, ஊசி அட்டைக் கணக்கோடு. இது என் யோசனை மட்டும், செயலவை ஒப்ப வேண்டும். லயத்துவாசியின் 1,000 வெள்ளிப் பிடிமானத்தைச் சேர்க்கிறேன். விண்ணப்பங்களைப் படிக்கிற குழுவில் நோயாளி வீட்டார் ஒருவர் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. செல்வி அக்கா, வருவீர்களா? கூட்டம் ஞாயிறு மாலை ஐந்து மணி, பள்ளி மண்டபம்.

செல்வி57 (வியாழன், காலை 6:35)

வருகிறேன். ஆனால் 20,000-மும் காருக்கே என்றுதான் கை தூக்குவேன், இப்போதே சொல்லிவிட்டேன். ஐந்து மணி முடியாது, ஆறு மணிக்குத் தம்பிக்கு மாத்திரை. மூன்று மணிக்கு வையுங்கள்.