மன்றத்தில் தீர்மானம் ஆன வேலை ஏன் தொடங்கவில்லை? நகராட்சி அஜெண்டாவையும் துறை அறிக்கைகளையும் படிப்பது எப்படி?

தெற்குவீதி:

வணக்கம். எங்கள் ஊர் தமிழ்நாட்டில் ஒரு நடுத்தர நகராட்சி. எங்கள் குறுக்குத் தெருவுக்கு 120 மீட்டர் மழைநீர் வடிகால் அமைக்க நகர்மன்றத்தில் தீர்மானம் நிறைவேறிப் பல மாதங்கள் ஆகின்றன. ஒரு கல்கூட இறங்கவில்லை. அலுவலகத்தில் கேட்டால் "ஃபைல் போயிருக்கு" என்கிறார்கள். எங்கே போயிருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

தெரிய வேண்டியவை: தீர்மானம் ஆனபிறகு ஒரு வேலை எந்தெந்தப் படிகளைத் தாண்ட வேண்டும்? எங்கே நிற்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அஜெண்டாவோடு வரும் துறைவாரி அறிக்கைகளில் (வரி வசூல், குடிநீர், சுகாதாரம்) எதைப் பார்க்க வேண்டும்? எண்களாக நிறைய இருக்கின்றன, ஒன்றும் பிடிபடவில்லை.

---

கோப்புநகர்வு:

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள் சார். மன்றத் தீர்மானம் என்பது பாதி வழி கூட இல்லை. அதிலும் எந்த வகைத் தீர்மானம் என்பது முக்கியம். அஜெண்டாவில் பொருளின் கடைசி வரியைப் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது.

"மதிப்பீட்டிற்கு மன்றத்தின் அனுமதிக்கு" என்று முடிந்தால், வேலைக்கான செலவுக் கணக்கை (அதுதான் மதிப்பீடு) பார்த்து, செய்யலாம் என்று மன்றம் ஒப்புக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒப்பந்ததாரர் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை. "பெறப்பட்ட ஒப்பந்தப்புள்ளியை ஏற்க" என்று முடிந்தால் டெண்டர் திறந்தாகிவிட்டது, விலையை ஏற்பதற்காக மன்றத்துக்கு வந்திருக்கிறது. "தலைவரின் முன் அனுமதி பெற்றுச் செய்யப்பட்டது, மன்றத்தின் அங்கீகாரத்திற்கு" என்றால் பணம் ஏற்கனவே செலவாகிவிட்டது. மோட்டார் பழுது, பைப் உடைப்பு போன்ற அவசர வேலைகள் இப்படி வருவது இயல்பு. சாதாரண வேலைகளும் வரிசையாக இப்படியே வந்தால் கவுன்சிலர் கேள்வி கேட்க வேண்டும். "மன்றத்தின் பார்வைக்கு", "பதிவு செய்ய" என்றால் தகவல் மட்டுமே.

ஒரே வடிகால் மன்றத்துக்கு இரண்டு முறை வரும். முதல் முறை மதிப்பீட்டுக்கு, இரண்டாவது முறை டெண்டர் ஏற்புக்கு. நீங்கள் பார்த்தது முதல் தீர்மானம் என்றால், நடுவில் நடக்க வேண்டியவை இவை: நிர்வாக அனுமதி, நிதி ஆதாரம் உறுதியாவது, மதிப்பீட்டின் தொகையைப் பொறுத்து உரிய நிலைப் பொறியாளரின் தொழில்நுட்ப அனுமதி, பிறகு டெண்டர் அறிவிப்பு. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, அதன் விதிகள் 2000 ஆகியவற்றின்படி 2 கோடி ரூபாய் வரையான வேலைக்கு ஒப்பந்தப்புள்ளி கொடுக்கக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் போனால் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைப்பதென்றால் மேல் அதிகாரி காரணத்தை எழுதி வைக்க வேண்டும். அதன்பின் தொழில்நுட்ப உறை, விலை உறை திறப்பு, யார் எவ்வளவு கேட்டார்கள் என்ற ஒப்பீட்டுப் பட்டியல், மன்றத்தின் ஏற்பு, ஒப்பந்ததாரர் வைப்புத்தொகை கட்டி உடன்படிக்கை எழுதுவது, கடைசியாக வேலை உத்தரவு. வேலை உத்தரவு தேதியிலிருந்துதான் முடிக்க வேண்டிய காலக்கெடு ஓட ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் "ஏன் தாமதம்" என்று ஒப்பந்ததாரரைக் கேட்க இடமே இல்லை.

நிற்கும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. நிதி ஆதாரம் உறுதியாகாதது ஒன்று. டெண்டருக்கு யாருமே வராதது அல்லது மதிப்பீட்டைவிட அதிகம் கேட்டதால் மறு டெண்டருக்குப் போனது இன்னொன்று. பொருட்களின் விலை ஏறி, மதிப்பீடு பழைய விலைப்பட்டியலில் இருந்தால் இப்படித்தான் ஆகும். மூன்றாவது, தெருவில் உள்ள மின்கம்பமும் குடிநீர்க் குழாயும். கம்பத்தை நகர்த்த மின்வாரியத்துக்கு நகராட்சி டெபாசிட் கட்ட வேண்டும். அந்தத் தொகையை மதிப்பீட்டில் சேர்க்காமல் விட்டிருந்தால், கம்பம் வந்த இடத்தில் வேலை நின்றுவிடும்.

எனவே அலுவலகத்தில் "எப்போது முடியும்" என்று கேட்காதீர்கள். தீர்மான எண், தீர்மான தேதி, பொறியியல் பிரிவின் கோப்பு எண் (ந.க. எண் என்று இருக்கும்) இவற்றைச் சொல்லி, "தொழில்நுட்ப அனுமதி தேதி என்ன? டெண்டர் அறிவிப்பு தேதி என்ன?" என்று கேளுங்கள். தேதி கேட்டால் பதில் தேதியாகத்தான் வர வேண்டும். தேதி இல்லையென்றால் அந்தப் படி நடக்கவில்லை என்று அர்த்தம்.

---

சாய்மானம்:

மேலே சொன்னது நடைமுறை. நான் மதிப்பீட்டைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் வடிகாலில் வேலை முடிந்த பிறகும் தண்ணீர் நிற்பதற்கான விதை அங்கேதான் விழுகிறது.

மதிப்பீட்டின் நகல் கிடைத்ததும் மொத்தத் தொகையை விட்டுவிட்டு நிலமட்ட வரைபடத்தைத் தேடுங்கள். நீளவாக்கு வெட்டுப்படம் இருக்க வேண்டும்: சாலையின் மட்டம், வடிகாலின் அடிமட்டம், போய்ச் சேரும் பெரிய வாய்க்காலின் மட்டம். உங்கள் 120 மீட்டருக்கு 300-க்கு 1 சரிவு (300 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம்) என்று வைத்தால், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் 40 செ.மீ. இறக்கம் வேண்டும். தெரு சமதளமாக இருந்தால் தொடக்கத்தில் 60 செ.மீ. ஆழமுள்ள வடிகால் முடிவில் 1 மீட்டர் ஆழமாக வேண்டும். மதிப்பீட்டில் முழு நீளத்துக்கும் ஒரே ஆழம், அதுவும் 60 செ.மீ. என்று போட்டிருந்தால், தெருவுக்கே சரிவு இருக்கிறதா என்று உடனே பாருங்கள். தெருவும் சமம், ஆழமும் சமம் என்றால் நீங்கள் கட்டுவது வடிகால் இல்லை, நீளமான தொட்டி. கொசுவுக்கு வீடு.

அடுத்தது முடிவிடம். பெரிய வாய்க்காலின் அடிமட்டம் உங்கள் வடிகாலின் முடிவைவிடத் தாழ்வாக இருக்கிறதா? வாய்க்கால் தூர்ந்து மேடாகியிருந்தால் புது வடிகாலில் தண்ணீர் பின்னோக்கி வரும். அப்படியானால் மதிப்பீட்டிலேயே வாய்க்கால் தூர்வாருவதும் ஒரு உருப்படியாக இருக்க வேண்டும். தனி வேலையாக எடுத்தால் இரண்டில் ஒன்று முந்தும், மற்றொன்று காத்திருக்கும். வடிகாலைப் பல கட்டமாகப் பிரித்திருந்தால் முடிவிடத்திலிருந்துதான் வேலை ஆரம்பிக்க வேண்டும். மேல் பகுதியை முதலில் கட்டினால் தண்ணீருக்குப் போக வழி இல்லாமல் நடுத் தெருவில் நிற்கும்.

சரிவு குறைவாக இருந்தால் மணல் படியும். வடிகாலுக்குள் ஓடும் நீரின் வேகம் விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் இருந்தால்தான் படிவு தானாக அடித்துச் செல்லப்படும். வண்டல் அள்ள வசதியாக மூடி கழற்றும்படி இருக்க வேண்டும். முழுத் தெருவுக்கும் ஒட்டு மொத்தமாக ஸ்லாப் போட்டுப் பூசிவிட்டால், அடுத்த மழைக்கு முன் உடைத்துத்தான் தூர்வார வேண்டியிருக்கும். வீட்டு வாசல்களில் போடும் ஸ்லாப் கார் ஏறும் கனத்துக்கு இருக்கிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

வேலை நடக்கும்போது கான்கிரீட் தரம் எம்-20 என்றால் அதன் பொருள் 28 நாளில் சோதனைக்கென வார்த்த கான்கிரீட் கட்டையின் வலிமை சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன். கட்டை வார்த்தார்களா என்று பாருங்கள். சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரப்பதம் காக்க வேண்டும், சாம்பல் கலந்த சிமென்ட் என்றால் 10 நாள். கடை சிமென்ட் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். வெயிலில் அன்றே காய்ந்து வெள்ளையாகிப் போன சுவர் சில வருடங்களில் தூள் தூளாக உதிரும்.

தரையோடு தரையாக மறையும் வேலைகளுக்கு, நடந்த வேலையின் அளவுகளை எழுதிவைக்கும் அளவுப் புத்தகம்தான் ஒரே சாட்சி. அடித்தளம் போட்ட பிறகு மண்ணைத் தோண்டிப் பார்க்க முடியாது. எனவே அடித்தளம் மூடப்படும் முன் அளவு பதிவானதா, என்ன ஆழம் என்று எழுதியிருக்கிறார்கள் என்பதைக் கேட்பது நியாயமான கேள்வி.

---

விண்ணப்பம்:

கோப்பு நகல் கேட்பது தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ். பிரிவு 6-ன்படி விண்ணப்பம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. கட்டணம் 10 ரூபாய். பதில் 30 நாளில். வராவிட்டால் அல்லது திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. கெடு தாண்டிய பிறகு தரும் நகலுக்குக் கட்டணம் கேட்கக்கூடாது என்பது பிரிவு 7(6).

"அந்த வடிகால் பற்றிய முழு விவரம் தரவும்" என்று எழுதினால் ஒரு பக்கப் பதில் வரும். இப்படி எழுதுங்கள்: தீர்மான நகல், அதற்கான அலுவலகக் குறிப்பு, மதிப்பீடு மற்றும் வரைபடம், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர் அறிவிப்பு, ஒப்பீட்டுப் பட்டியல், வேலை உத்தரவு, அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள். "இல்லாதவற்றுக்கு இல்லை என்று எழுத்தில் தெரிவிக்கவும்" என்ற வரியை மறக்காதீர்கள். பிரிவு 2(j)-ன்படி கோப்பையும் வேலையையும் நேரில் பார்வையிடலாம், பொருளின் சான்றிட்ட மாதிரியும் கேட்கலாம். பெரிய கோப்புக்கு நகலைவிட முதலில் நேரில் பார்ப்பதே மேல். வேண்டிய பக்கங்களுக்கு மட்டும் குறியிட்டு நகல் வாங்கலாம்.

---

கேட்புவசூல்:

துறை அறிக்கைகளைப் பற்றி யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன்.

வரி வசூல் அட்டவணையில் கேட்பு (வர வேண்டிய வரி), வசூல், நிலுவை என்று மூன்று பகுதி இருக்கும். ஒவ்வொன்றும் பழைய நிலுவை, நடப்பு என்று இரண்டாகப் பிரியும். பிரிக்காமல் ஒரே சதவீதம் சொன்னால் நம்பாதீர்கள். ஒரு கணக்கு: பழைய நிலுவை 80 லட்சம், நடப்புக் கேட்பு 1 கோடியே 20 லட்சம். வசூலானது மொத்தம் 1 கோடி, அதில் 90 லட்சம் நடப்பு, 10 லட்சம் நிலுவை. நடப்பை மட்டும் பார்த்தால் 75 சதவீதம், கேட்க நன்றாக இருக்கிறது. மொத்தத்தில் 50 சதவீதம். பழைய நிலுவையில் 12.5 சதவீதம்தான். அந்தக் கடைசி எண்தான் உண்மையான நோயைச் சொல்கிறது: பெரிய நிலுவைதாரர்களை யாரும் தொடுவதில்லை. முதல் 50 நிலுவைதாரர் பட்டியல் தரும்படி கவுன்சிலர் வழியாகக் கேளுங்கள். சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை என்பதால் ஏப்ரல், அக்டோபர் மாத வசூலை மற்ற மாதங்களோடு ஒப்பிடக்கூடாது. அந்த மாதங்களுக்குள் கட்டுபவர்களுக்கு 5 சதவீத ஊக்கத்தொகை (அதிகபட்சம் 5,000 ரூபாய்) இருப்பதால் அப்போது வசூல் எப்போதும் எகிறும். போன வருட ஏப்ரலோடு இந்த வருட ஏப்ரலைப் பாருங்கள்.

குடிநீர் அறிக்கையில் "நபருக்கு நாளொன்றுக்கு இத்தனை லிட்டர்" என்று வரும். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு 135 லிட்டரும், இல்லாதவற்றுக்கு 70 லிட்டரும் மத்திய பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பின் 1999 கையேட்டில் இருந்த அளவுகள். 60,000 பேர் உள்ள ஊருக்கு 135 என்றால் நாளுக்கு 81 லட்சம் லிட்டர். கேட்க வேண்டியது அந்த எண் எப்படி வந்தது என்பதுதான். குழாயில் ஓடும் நீரை அளக்கும் ஓட்டமானி காட்டிய எண்ணா, அல்லது மோட்டார் ஓடிய மணியை அதன் பெயர்ப்பலகைத் திறனால் பெருக்கியதா? தேய்ந்த மோட்டார் பலகையில் உள்ள அளவுக்குத் தண்ணீர் இறைக்காது. பெருக்கிப் போட்ட எண் எப்போதும் கூடுதலாகவே காட்டும். வழியில் கசிவது அதில் தெரியவே தெரியாது. குளோரின் சோதனை எந்த இடத்தில் எடுத்தது என்பதையும் பாருங்கள். மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் எடுத்தால் பயனில்லை. கடைக்கோடித் தெருக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லி கிராம் எஞ்சியிருக்க வேண்டும்.

குப்பையிலும் இதே கதை. எடை மேடையில் எடுத்த டன் வேறு, "வண்டிக் கொள்ளளவு × நடை" என்று போட்ட டன் வேறு. பிறப்பு, இறப்புச் சான்று எண்ணிக்கைகளை வேகமாகக் கடந்துவிடலாம்.

---

தெற்குவீதி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. தீர்மான நகலை இப்போதுதான் சரியாகப் படித்தேன். கடைசி வரி: "மதிப்பீட்டிற்கு அனுமதி வழங்கலாம். நிதி ஆதாரம்: அரசு மானியம் வரப்பெறும் பட்சத்தில் மேற்கொள்ளலாம்." இதற்கு என்ன அர்த்தம்?

---

கோப்புநகர்வு:

உங்கள் வடிகாலுக்கு இன்னும் பணம் இல்லை என்று அர்த்தம் சார். மானியம் வந்தால் செய்வோம் என்று மன்றம் சொல்லியிருக்கிறது. அந்த மானியம் எது என்று பெயர் இல்லை, எனவே அந்தத் தீர்மானத்தைப் பின்தொடர்ந்து பயனில்லை. நிதி ஆதாரத்தை மாற்றித் திருத்தத் தீர்மானம் வேண்டும்.

மானியப் பணத்துக்கெல்லாம் நிபந்தனை உண்டு என்பதையும் பாருங்கள். உதாரணமாக 2021-22 முதல் 2025-26 வரையான 15-வது நிதிக்குழு மானியத்தில் பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு 60 சதவீதம் குடிநீர், சுகாதாரம் ஆகியவற்றுக்கென்றே ஒதுக்கப்பட்டது. மீதி 40 சதவீதம்தான் உள்ளூர்த் தேவைக்கு. அந்த 40-க்கு எல்லா வார்டும் போட்டி. ஆகவே "எந்தத் திட்டத்தில்" என்று பெயரோடு கேட்க வேண்டும்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, பொது நிதியில் இந்த வேலையைச் சேர்க்கும்படி வரவு செலவுத் திட்டம் தயாராகும் நேரத்தில் மனு. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, எனவே ஜனவரிக்குள் பொறியியல் பிரிவில் பட்டியலில் ஏறியிருக்க வேண்டும். மார்ச்சில் கொடுக்கும் மனு அடுத்த வருடத்துக்குத்தான் போகும். பகுதி சபையில் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் கூட்டம்) கவுன்சிலர் தலைமையில் இதையே தீர்மானமாக எழுதிக்கொண்டால் மனுவுக்கு எடை கூடும். வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகள் 2022-ல் வந்துவிட்டன.

இரண்டாவது, நமக்கு நாமே திட்டம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு பொதுமக்கள் பங்களிப்பு. தெருவில் உள்ளவர்கள் சேர்ந்து கட்டினாலும் சரி, ஒரு நிறுவனமோ தனிநபரோ மொத்தமாகக் கொடுத்தாலும் சரி. பணம் கட்டும் முன் சாய்மானம் சொன்ன மட்டக் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பழைய மதிப்பீட்டில் ஆழம் முழுக்க ஒரே அளவாக இருந்தால், திருத்திய மதிப்பீடு போடச் சொல்லி, அந்தத் தொகையின் மூன்றில் ஒரு பங்கைக் கணக்கிடுங்கள். பழைய தொகைக்குக் கட்டிவிட்டு நடுவில் மதிப்பீடு கூடினால், கூடுதல் பங்கை வசூலிக்க மீண்டும் வீடு வீடாகப் போக வேண்டும், அதுவரை கோப்பு அதே மேஜையில் நிற்கும்.

---

சாய்மானம்:

மட்டம் பார்க்க நகராட்சியையே நம்பியிருக்க வேண்டியதில்லை. நீளமான ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டால், தெருவின் இரு முனைக்கும் உள்ள மட்ட வேறுபாட்டை இரண்டு பேர் அரை நாளில் எடுத்துவிடலாம். 20 மீட்டர் இடைவெளியில் ஆறு முறை அளந்து கூட்டினால் 120 மீட்டர். வாய்க்காலின் அடிமட்டத்தையும் சேர்த்து அளந்து, அந்தத் தாளை மனுவோடு இணையுங்கள்.